கூரைச் சந்தில் மைனா: குஞ்சு இருக்கிறதா, ராத்தங்கல் மட்டுமா?

"ஓடு மாற்ற ஆள் சொல்லியாகிவிட்டது. கூரைச் சந்தில் மைனா சத்தம் கேட்கிறது. கூடு கட்டியிருக்கிறதா, இல்லை ராத்திரி தங்க மட்டும் வருகிறதா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஓட்டைப் பிரிக்காமலே கண்டுபிடிக்கலாம்.

அடைய மட்டும் வரும் பறவை பொழுது சாயும்போது வரும், விடிந்ததும் போய்விடும். பகலெல்லாம் போக்குவரத்து இருந்தால் கூடாக இருக்கலாம். அலகில் வைக்கோல் இருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். சிட்டுக்குருவி முட்டையிடாத காலத்திலும் இறகு, வைக்கோல் என்று எதையாவது சேர்த்துக்கொண்டிருக்கும். ஆனால் வெட்டுக்கிளியைக் கவ்வி, விழுங்காமல் உள்ளே கொண்டுபோனால் அநேகமாகக் குஞ்சுதான்.

இன்னும் உறுதியான சாட்சி, பறவை வெளியே வரும்போது கிடைக்கும். அலகில் வெள்ளையாக, ஒரு முனை கறுத்து, ஈரமாக ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அது குஞ்சின் எச்சம். மைனா, சிட்டுக்குருவிக் குஞ்சுகளின் குடலிலிருந்து எச்சம் வெளியேறும்போதே அதைச் சுற்றி சளி போன்ற ஒரு சவ்வு போர்த்திவிடுகிறது. பிறந்த குழந்தைக்கு டயப்பர் கூடவே வருவது மாதிரி! இரை வாயில் விழுந்த கையோடு குஞ்சு திரும்பி, பின்புறத்தைத் தூக்கி, பையை வெளியே தள்ளும். அம்மாவோ அப்பாவோ பக்கத்திலேயே நிற்கும் அந்த நொடியில்தான் இது நடக்கும். உடையாத பையை அப்படியே கவ்வித் தூரத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடலாம். ஈரமும் பூச்சியும் கூட்டில் சேராது. முதல் சில நாட்களில் பெற்றோரே அதை விழுங்கிவிடுவதும் உண்டு; சின்னக் குஞ்சுக்கு இரை முழுதாகச் செரிப்பதில்லை, அதனால் பையில் இன்னும் சத்து மிச்சம் இருக்கிறது என்பது ஒரு விளக்கம். எனக்குப் பறவைகளிடம் இதைவிடப் பிடித்த ஏற்பாடு வேறில்லை.

அதனால்தான், கூரைக்குக் கீழே தரையில் எச்சம் குவிந்திருந்தால் அங்கே பறவைகள் இரவு அடைகின்றன என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். புறா இந்தக் கணக்கில் சேராது. அதன் குஞ்சுகளுக்குப் பையும் கிடையாது, பெற்றோருக்குத் துப்புரவும் கிடையாது. கூட்டின் விளிம்பே எச்சத்தால் இறுகிப்போகும்.

கூகை வந்தால் கூரையில் வேறு மாதிரிச் சான்று கிடைக்கும்: எலி எலும்பும் மயிரும் சுருண்ட கறுப்பு உருண்டைகள். இவை அடையும் இடத்திலும் கிடக்கும், கூட்டிலும் கிடக்கும். குருவி கூடு கட்டினால் லட்சுமி என்று ஓட்டைத் தொடாத அதே வீட்டில், எலி பிடித்துத் தரும் கூகையை மட்டும் சாவுக்குருவி என்று கல்லெறிந்து விரட்டுவது எந்த ஊர் நியாயமோ!

சரி, ஓடு எப்போது மாற்றலாம்? சத்தம் அடங்கிவிட்டதே என்று உடனே ஏணி போடாதீர்கள். அடைகாக்கும்போதும் அமைதியாகத்தான் இருக்கும். மைனா முட்டை பொரிய இரண்டரை வாரம் ஆகும், அப்புறம் குஞ்சு பறக்க மூன்று வாரத்துக்கு மேல். குஞ்சுகள் பறந்ததும் வேலையை முடித்துவிடுங்கள். தாமதித்தால் அடுத்த ஈடு முட்டை வந்துவிடும்.