"டீச்சருக்கு என்ன, லீவுதான் இருக்கே!"

"இவளுக்கு என்ன கஷ்டம் டாக்டர்? நாலரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துருதா. வருசத்துல பாதி நாள் லீவு."

போன வாரம் ஒரு கணவர் என்னிடம் சொன்னது. பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி, இருபது வருஷமாகக் கணக்கு டீச்சர். மடியில் விடைத்தாள் கட்டு. காத்திருக்கும் நேரத்தில் நாலு தாள் திருத்தலாம் என்று வள்ளியூர் பஸ்ஸில் சுமந்துகொண்டு வந்திருக்கிறார். ஒன்றில்கூடச் சிவப்பு மை படவில்லை. பாளையங்கோட்டையில் மனநல மருத்துவம் பார்க்கிறேன். பள்ளிக்கூடங்களுக்குப் பேர்போன ஊர், அதனால் பணிச்சோர்வோடு (பர்ன்அவுட்) ஆசிரியர்கள் நிறைய வருகிறார்கள். கூட வருகிறவர்கள் சொல்வது மட்டும் மாறுவதே இல்லை.

சரி, அந்த லீவைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். பொதுத்தேர்வு முடிந்ததும் விடைத்தாள் திருத்தும் முகாம். தேர்தல் வருஷம் என்றால் பயிற்சி வகுப்பு, வாக்குச்சாவடி. தனியார் பள்ளி டீச்சரா? அக்னி நட்சத்திர வெயிலில் நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு பேட்டையிலும் மேலப்பாளையத்திலும் வீடு வீடாக அட்மிஷனுக்கு அலையவேண்டும். நாலரைக்கு வீடு வந்தால் எமிஸ் (அரசின் ஆன்லைன் பள்ளி விவரத் தளம்) பதிவும் நோட்டுக் கட்டும் கூடவே வருகின்றன. இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில், 'நாளை காலை 9 மணிக்குள் விவரம் அனுப்பவும்'. நிஜமாகவே ஒரு மாதம் ஓய்வு கிடைத்தாலும், ஜூனில் திரும்பிப் போவது இதே வேலைக்குத்தானே? மே மாதம் தெளிந்து, பள்ளி திறந்த மூன்றாம் வாரமே பழையபடி ஆனவர்களை எத்தனையோ பார்த்துவிட்டேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இந்தப் பணிச்சோர்வை நோய்க் கணக்கில் சேர்க்கவில்லை. சமாளிக்க முடியாமல் நாள்பட்டுப்போன வேலை அழுத்தத்தின் விளைவு என்றது. மூன்று அடையாளம்: தீராத களைப்பு, வேலையில் ஒட்டாத மனசு, 'என்னால் ஒண்ணும் ஆகலை' என்ற நினைப்பு. இரண்டாவதைச் சொல்லத்தான் ஆசிரியர்கள் வெட்கப்படுகிறார்கள். கணவரை வெளியே அனுப்பியபின் அந்த டீச்சர் சொன்னார்: "ஒரு பய அழுதுட்டு நிக்கான் டாக்டர். எனக்கு ஒண்ணுமே தோணலை. போய் உக்காருலன்னுட்டேன்." இதைச் சொல்லும்போதுதான் அழுதார்.

(தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை பார்க்காமல் நான் யாருக்கும் இந்தப் பெயரை ஒட்டுவதில்லை. வேலை மட்டுமல்ல, பெற்ற பிள்ளை, பிடித்த சாப்பாடு எதிலும் பிடிப்பில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு.)

டீச்சர்மாரே, முதலில் தண்ணீர் குடியுங்கள். கழிப்பறைக்குப் போக நேரமில்லை என்று சாயங்காலம் வரை வாயை நனைக்காமல் இருந்து, சிறுநீர்த் தொற்றோடு வந்து நிற்பது எந்த ஊர் நியாயம்? இரவு எட்டு மணிக்கு மேல் பள்ளிக் குழுவை மியூட்டில் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை தாள் கட்டைப் பிரிக்காதீர்கள். அன்று சாயங்காலமே வயிற்றைப் பிசைகிறதென்றால், லீவு வரட்டும் என்று தள்ளாமல் வாருங்கள். செத்துப்போகலாம் என்று தோன்றினால் அந்த நிமிஷமே 14416. டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

தலைமையாசிரியர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். முகம் சுளிக்காமல் போகிறார் என்பதற்காக, ஆள் வராத வகுப்புக்கெல்லாம் அதே டீச்சரை அனுப்பாதீர்கள். தினமும் ஒரு ஃப்ரீ பீரியடையாவது விட்டுவையுங்கள்.

அப்புறம், அந்தக் கணவர். அவர் கையில் கொடுத்த சீட்டில் மாத்திரை எதுவும் எழுதவில்லை. இரவுச் சமையலும் பாத்திரமும் மூன்று மாசத்துக்கு அவர் பொறுப்பு என்று எழுதியிருந்தேன். மருந்துக் கடை வாசலில் நின்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.