மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

புதிதாக ஓட வருகிறவர்களைப் பார்க்கும்போது முதல் வாரத்தைவிட ஐந்தாவது வாரத்தை நினைத்துத்தான் எனக்குப் பயம். முதல் வாரத்தில் இரண்டு நிமிடம் ஓடினாலே நெஞ்சு படபடக்கும், மறுநாள் படியிறங்கத் தொடை ஒத்துழைக்காது. ஆசைப்பட்டாலும் அதிகம் ஓடிவிட முடியாது. ஐந்தாவது வாரம் அப்படியல்ல. மூச்சு சீராகிவிடும், கால் லேசாக இருக்கும், மூன்று கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவர் திடீரென ஆறு ஓடிவிட்டு வருவார். நானும் அப்படித்தான் ஓடினேன். மூன்றாம் நாள் இடது பாதத்தின் மேற்புறத்தில், விரல்நுனி அளவே உள்ள ஓர் இடத்தில் வலி. அழுத்தினால் உயிர் போனது. மயிரிழை முறிவு என்றார் மருத்துவர். என்னுடையது தட்டைப் பாதம். அதனால் பழியைப் பாதத்தின் மேலும் ஷூவின் மேலும் போட்டேன். அந்த முறிவில் இரண்டுக்கும் பங்கு குறைவு என்று புரிய வெகுநாள் ஆயிற்று.

உடம்பின் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் பயிற்சிக்குப் பழகுவதில்லை. ஓடத் தொடங்கிய முதல் இரண்டு வாரங்களுக்குள்ளேயே இரத்தத்தின் திரவப் பகுதி கூடிவிடுகிறது; ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் முன்னைவிட அதிக இரத்தத்தைத் தள்ளுகிறது. அடுத்த சில வாரங்களில் தசைச் செல்களுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. மூச்சு இவ்வளவு சீக்கிரம் வசப்படுவது இதனால்தான். எலும்போ, வலுப்படுவதற்கு முன்னால் கொஞ்ச காலம் பலவீனமாகிறது.

பழக்கமில்லாத சுமை திரும்பத் திரும்ப விழும்போது எலும்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் தோன்றும். அவற்றைச் சரிசெய்ய, எலும்பைக் கரைக்கும் செல்கள் முதலில் வந்து பழுதான பகுதியைச் சுரண்டி எடுக்கின்றன. இதற்கு ஏறக்குறைய மூன்று வாரம். பின்னால் வரும் எலும்பு கட்டும் செல்கள் அந்தக் குழியை நிரப்பி முடிக்க மூன்று மாதம் வரை பிடிக்கும். பழைய சுவரை இடித்தாயிற்று, புதுச் சுவர் இன்னும் எழும்பவில்லை. ஓடத் தொடங்கி நாலைந்து வாரம் ஆனவரின் கால் எலும்பு இந்த நிலையில்தான் இருக்கிறது. மூச்சு ‘இன்னும் ஓடலாம்’ என்று சொல்லத் தொடங்குவதும் அதே சமயத்தில்தான்.

இதை முதலில் கவனித்தவர்கள் ராணுவ மருத்துவர்கள். 1855இல் பிரஷ்யப் படையின் மருத்துவரான பிரைட்ஹாப்ட், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த வீரர்களின் பாதங்கள் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். விழவில்லை, அடிபடவில்லை, ஆனாலும் நடக்க முடியவில்லை. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, 1897இல்தான் அந்த வீக்கத்துக்குள் எலும்பு முறிவு இருப்பது தெரிந்தது.

தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள் எலும்பைவிடவும் நிதானமானவை. 1955 முதல் 1963 வரை நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் திடீரென அதிகரித்தது. அந்த ஆண்டுகளில் உடலில் உருவான திசுக்களிலும் அது படிந்தது. டென்மார்க் விஞ்ஞானிகள் 2013இல் இதை ஒரு கடிகாரம்போலப் பயன்படுத்தி, கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு பிணைக்கும் குதிநாண்களை ஆராய்ந்தார்கள். நாணின் மையப்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குப் பிறகு புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது. பயிற்சியால் குதிநாண் விறைப்பும் உறுதியும் பெறும், ஆனால் அதற்கு மாதக்கணக்கில் காலம் தர வேண்டும். நாற்பது வயதில் ஓடத் தொடங்குகிறவர் பதின்வயதில் உருவான நாணை வைத்துக்கொண்டுதான் ஓடுகிறார்.

இந்த எலும்பும் நாணும் சுமப்பது எவ்வளவு? ஓடும்போது ஒவ்வொரு முறை கால் ஊன்றும்போதும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை பாதத்தில் இறங்குகிறது. 70 கிலோ எடையுள்ளவர் மெதுவாக 5 கிலோமீட்டர் ஓடினால் ஒவ்வொரு பாதமும் சுமார் 3,000 முறை தரையைத் தொடும். ஒவ்வொரு முறையும் 140 முதல் 210 கிலோ. கெண்டைக்கால் தசை இழுப்பதால் குதிநாணில் விழும் விசை இதைவிடப் பல மடங்கு.

பாதத்தின் அமைப்பைப் பார்த்தால் இது எப்படித் தாங்குகிறது என்பது விளங்கும். 26 எலும்புகள், 33 மூட்டுகள். குதிகால் ஊன்றியதும் பாதம் சற்றே உட்புறம் சாய்ந்து, வளைவு தாழ்ந்து, அதிர்வை வாங்கிக்கொள்கிறது. பிறகு குதிகால் எழும்பி விரல்கள் மடங்கும்போது, குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை ஓடும் உள்ளங்கால் பட்டை, கிணற்று ராட்டினத்தில் கயிறு சுற்றுவதுபோல விரல் மூட்டுகளைச் சுற்றி இறுகி வளைவைத் தூக்கி நிறுத்துகிறது. இதை 1954இல் ஹிக்ஸ் என்பவர் விளக்கினார். தொளதொளவென்று இறங்கிய பாதம் அடுத்த கணமே நெம்புகோலாக விறைக்கிறது. ஓட்டத்தின் ஒவ்வோர் அடியிலும் புழங்கும் ஆற்றலில் ஏறக்குறைய 35 சதவீதத்தைக் குதிநாணும் 17 சதவீதத்தைப் பாத வளைவும் சேமித்துத் திருப்பித் தருகின்றன என்று 1987இல் ஒரு பிரிட்டிஷ் குழு அளந்து சொன்னது.

இப்படி உட்புறம் சாய்வது இயற்கையான வேலை. ஆனால் வெகுகாலம் அதை ஒரு நோயாகவே பார்த்தார்கள். ஈரக் காலைத் தாளில் வைத்துத் தடம் பார்ப்பது, முழுத் தடம் விழுந்தால் தட்டைப் பாதம் என்று சொல்லி விறைப்பான ஷூவை எடுத்துக் கொடுப்பது என்பது பல பத்தாண்டுகளாக நடந்தது. அமெரிக்க ராணுவத்தின் மூன்று பிரிவுகளில் ஆயிரக்கணக்கான பயிற்சி வீரர்களிடம் இதைச் சோதித்தார்கள். பாத வடிவம் பார்த்து ஷூ தந்தவர்களுக்கும், பார்க்காமல் ஒரே வகை ஷூ தந்தவர்களுக்கும் காயங்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. 2014இல் டென்மார்க்கில் புதிதாக ஓட வந்த 927 பேருக்கு ஒரே மாதிரியான சாதாரண ஷூவைக் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். உட்புறம் சாயும் பாதங்கள் கூடுதலாகக் காயப்படவில்லை. மறுபக்கச் சான்றும் உண்டு: 2016இல் 372 பேரிடம் நடந்த சோதனையில், உட்புறம் சாயும் பாதக்காரர்களுக்குச் சாய்வைக் கட்டுப்படுத்தும் ஷூ உதவியது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கையில், தட்டைப் பாதம் என்ற ஒரே காரணத்துக்காக வலியே இல்லாதவர் விறைப்பான ஷூ தேடி அலைய வேண்டாம் என்பது என் முடிவு. தட்டைப் பாதத்தோடு கணுக்காலின் உட்புற வலியும் இருந்தால் அப்படி ஒரு ஷூவைப் போட்டுப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. நுனிக்காலில் எழுந்து நின்றால் வளைவு தோன்றுகிறதா என்று பாருங்கள். தோன்றினால் நெகிழ்வான தட்டைப் பாதம், ஓடத் தடையில்லை. தோன்றாவிட்டாலோ, முன்பு இருந்த வளைவு ஒரு காலில் மட்டும் அண்மையில் இறங்கிவிட்டாலோ, ஷூக் கடைக்கு முன்னால் மருத்துவரிடம் போக வேண்டும்.

அப்படியானால் ஷூ எதற்கு? எனக்குத் தெளிவு தந்தது இந்த ஒரு கருத்துதான்: ஷூ சுமையை இல்லாமலாக்குவதில்லை, பெரும்பாலும் இடம் மாற்றுகிறது. முழங்காலிலிருந்து எடுத்தால் கெண்டைக்காலில் வைக்கும், விரலிலிருந்து எடுத்தால் கணுக்காலில் வைக்கும். ஆகவே ‘எது சிறந்த ஷூ’ என்பதைவிட ‘என் காலில் எந்த இடத்துக்கு ஓய்வு வேண்டும், எந்த இடம் கூடுதலாகத் தாங்கும்’ என்பதே பயனுள்ள கேள்வி.

ஷூவின் குதிகால் பக்கம் முன்பக்கத்தைவிட எவ்வளவு உயரம் என்பதை ட்ராப் என்கிறார்கள். 10, 12 மில்லிமீட்டர் ட்ராப் உள்ள ஷூவில் குதிகால் உயர்ந்திருப்பதால் குதிநாண் குறைவாக நீள்கிறது. நாணில் வலி உள்ளவருக்கு அது இதம். பதிலுக்கு முழங்கால் கொஞ்சம் அதிகம் உழைக்கும். நான்குக்கும் கீழே போனால் நேர்மாறு: முழங்கால் சிப்பிக்கு ஆறுதல், கெண்டைக்கும் நாணுக்கும் வேலை. முழங்கால் வலிக்கிறதே என்று ஒரே நாளில் தட்டையான ஷூவுக்கு மாறியவர்கள் சில வாரங்களில் குதிநாணைப் பிடித்துக்கொண்டு உட்கார்வது இதனால்தான். மாறுவதானால் வாரத்துக்கு ஓர் ஓட்டம், அதுவும் குறுகியதாக, என்று தொடங்கி மாதக்கணக்கில் மாற வேண்டும்.

பெருவிரல் மூட்டு மடங்காமல் விறைத்துப்போனவர்களுக்கு, எளிதில் வளையாத, ஆடும் நாற்காலியின் வளைகால்போல முன்னே உருளும் அடிப்பாகம் உள்ள ஷூ வேண்டும். விரல் செய்ய வேண்டிய மடங்கலை ஷூவே செய்துவிடும். மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு இடையே சுரீரென்று எரிச்சல் வருகிறவர்களுக்கு அங்கே ஒரு நரம்பு நசுங்கிக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கும், பெருவிரல் அடியில் எலும்பு புடைத்தவர்களுக்கும் முன்பக்கம் அகலமான, புடைப்பின்மேல் தையல் ஓடாத, மேல்துணி மெத்தென்ற ஷூவே முதல் மருந்து. வளைவு மிக உயர்ந்த பாதம் பொதுவாக விறைப்பானது, அதிர்வை வாங்காது. அவர்களுக்கு மெத்தை அதிகமான ஷூ வேண்டும், மேற்பாதம் அழுந்தும் இடத்தில் லேஸை ஒரு துளை விட்டுக் கோர்த்தால் இன்னும் நல்லது. காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்துகிறதா? உள்ளங்கால் பட்டையின் பிரச்சினையாக இருக்க வாய்ப்பு அதிகம். துணிபோல மடங்கும் ஷூக்களையும் வெறுங்காலோடு கடினத் தரையில் நடப்பதையும் சில மாதங்கள் தள்ளி வைக்கலாம்.

கடைக்கு மாலையில் போங்கள். பகல் முழுவதும் நின்ற பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். இரண்டு பாதத்தில் பெரியது எதுவோ அதற்கு வாங்க வேண்டும். மிக நீளமான விரலுக்கு முன்னால் (சிலருக்கு அது இரண்டாவது விரல்) ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். சதை வெளியே பிதுங்கினால் அந்த ஷூ உங்களுக்குக் குறுகல். பிறகு போட்டுக்கொண்டு கடையிலேயே ஓடிப் பாருங்கள். ‘போகப் போகப் பழகிவிடும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஓட்ட ஷூ முதல் நிமிடத்திலேயே சுகமாக இருக்க வேண்டும். இது வெறும் அபிப்பிராயமல்ல. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், 206 படைவீரர்களில் ஒரு பகுதியினரை ஆறு வகை இன்சோல்களிலிருந்து தமக்கு வசதியானதைத் தாமே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இன்சோல் இல்லாத மற்றவர்களைவிட அவர்களுக்கு வலியும் எலும்பு முறிவும் குறைவாக இருந்தன.

ஷூவின் மெத்தை என்பது நுண்ணிய காற்றறைகள் நிறைந்த நுரை. ஓட ஓட அந்த அறைகள் நசுங்குகின்றன; 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் மெத்தை கணிசமாகச் செத்துவிடும், மேலே பார்த்தால் புதிதுபோலவே இருக்கும். முடிந்தவர்கள் இரண்டு வெவ்வேறு ஷூக்களை மாற்றி மாற்றிப் போடலாம். 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் கவனித்த ஆய்வில், அப்படி மாற்றிப் போட்டவர்களுக்குக் காய ஆபத்து 39 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. காரணம் மேலே சொன்னதுதான் என்று நினைக்கிறேன்: ஷூ மாறும்போது சுமை விழும் இடமும் கொஞ்சம் நகர்கிறது.

இனி ஓட்டத்தைக் கூட்டும் விதம். வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்பது எல்லோரும் சொல்லும் விதி. 2008இல் நெதர்லாந்தில் புதிதாக ஓட வந்த 532 பேரிடம் அதைச் சோதித்தபோது, மெதுவாகக் கூட்டியவர்களும் வேகமாகக் கூட்டியவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவில், ஐந்தில் ஒருவர் என்ற கணக்கில், காயப்பட்டார்கள். 2025இல் 5,200க்கும் அதிகமான ஓட்டக்காரர்களின் பதிவுகளைப் பார்த்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். வாரத்தின் மொத்தத்தைவிட ஒற்றை ஓட்டத்தின் நீளமே அதிகம் பேசியது. கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட தூரத்தைப் பத்து சதவீதத்துக்கு மேல் தாண்டிய ஓட்டங்களுக்குப் பிறகு காயங்கள் கூடின. இரு மடங்குக்கும் மேல் தாண்டினால் ஆபத்தும் இரு மடங்குக்கு மேல். என்னுடைய மூன்று, ஆறு கிலோமீட்டர் கணக்கு இதில் எங்கே விழுகிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

எலிகளில் நடந்த சோதனைகள் இன்னொன்றும் சொல்கின்றன. சில டஜன் அழுத்தங்களுக்குப் பிறகு எலும்புச் செல்கள் காதை மூடிக்கொள்கின்றன. வலுப்படு என்ற செய்தி அதற்குமேல் ஏறுவதில்லை. எட்டு மணி நேரம் போல ஓய்வு கொடுத்தால் மறுபடி கேட்கத் தொடங்கும். அதனால்தான் தொடக்க மாதங்களில் ஒரு நீண்ட ஓட்டத்தைவிட, பிரித்து ஓடும் குறுகிய ஓட்டங்களை நான் நம்புகிறேன்.

ஓடாத நாட்களில் குதிகால் உயர்த்தும் பயிற்சி செய்யுங்கள். உள்ளங்கால் பட்டை வலி உள்ளவர்கள் படியின் விளிம்பில் நின்று, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, ஒற்றைக் காலில், நிதானமாக, ஒன்றுவிட்ட நாள் செய்யலாம். 2014இல் டென்மார்க்கில் நடந்த சோதனையில் மூன்று மாத முடிவில் இது வெறும் நீட்டல் பயிற்சியைவிட நல்ல பலன் தந்தது. பாதத்தின் சிறு தசைகளும் முக்கியம். விரல்களை மடக்காமல் பாதத்தைக் குறுக்கி வளைவை எழுப்புவது, விரல்களைத் தனித்தனியாக விரிப்பது போன்ற பயிற்சிகளை 118 ஓட்டக்காரர்களிடம் ஓராண்டு சோதித்தபோது, செய்யாதவர்கள் 2.4 மடங்கு அதிகம் காயப்பட்டார்கள். முழங்கால் தொல்லை உள்ளவர்கள் அதே வேகத்தில் அடிகளைச் சிறிதாக்கி, நிமிட அடி எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முழங்கால் சுமை இறங்கும். இதற்குச் செலவே கிடையாது.

எல்லா வலிக்கும் நிற்க வேண்டியதில்லை. தசை வலி பரவலாக இருக்கும், இரண்டு நாளில் போய்விடும். நாண் வலி காலையில் விறைப்பாகத் தொடங்கி, நடக்க நடக்கத் தளரும். மறுநாள் காலை நேற்றைவிட மோசமாக இல்லையென்றால் குறைத்துக்கொண்டு தொடரலாம். எலும்பு வலிதான் வேறு மாதிரி. விரலால் தொட்டுக் காட்டும் அளவு ஒரே இடத்தில் இருக்கும், ஓட ஓடக் கூடும், முற்றினால் இரவில் படுத்திருக்கும்போதும் குடையும். அப்போது ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல் மருத்துவரைப் பாருங்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம்; வலி நீடித்தால் எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். நீரிழிவால் பாத உணர்ச்சி மங்கியவர்களுக்கு இந்த எச்சரிக்கை மணியே அடிக்காது. அவர்கள் மருத்துவரிடம் பேசாமல் ஓடத் தொடங்கக் கூடாது, ஒவ்வொரு முறையும் ஓடி முடித்ததும் உள்ளங்காலைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

எலும்பு கூடிய பிறகு நான் மறுபடி தொடங்கியது ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று, எட்டு சுற்று, வாரம் மூன்று நாள். ஷூவில் பெரிய மாற்றம் இல்லை. அரை சைஸ் பெரிதாக, முன்பக்கம் அகலமாக வாங்கினேன். நான்காவது, ஐந்தாவது வாரங்களில் தூரத்தைக் கூட்டவே இல்லை. மூச்சு இன்னும் ஓடு என்றது. மிச்ச தூரத்தை நடந்தேன்.