எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து மின்கட்டண யூனிட் வரை

யுரேனியம் 235 அணுக்கரு ஒன்று நியூட்ரானை ஏற்றுப் பிளவுறும்போது ஏறத்தாழ 20 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வெளிப்படுகிறது. இந்த எண்ணைப் பாடநூலில் முதன்முறை காணும் மாணவர், ஓர் அணுவிலிருந்து இவ்வளவா என்று வியப்பது இயல்பு. உண்மையில் நூறு கிராம் எடைக்கல் ஒன்றை ஒரு மீட்டர் உயரம் தூக்குவதற்குக்கூட அந்த ஆற்றல் போதாது. அதற்கு ஏறத்தாழ 3,100 கோடி அணுக்கருக்கள் பிளவுற வேண்டும்.

ஓர் எலக்ட்ரான் ஒரு வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டைக் கடக்கும்போது பெறும் ஆற்றலே ஓர் எலக்ட்ரான் வோல்ட் ஆகும். எலக்ட்ரானின் மின்னூட்டம் கூலும் அலகில் எவ்வளவோ, அதே எண்தான் ஆற்றலின் பொது அலகான ஜூலில் எலக்ட்ரான் வோல்ட்டின் மதிப்பும்: 1.602176634 × 10⁻¹⁹. 2019 மே 20 அன்று நடைமுறைக்கு வந்த புதிய அலகு வரையறையில் இந்த மின்னூட்டத்தின் மதிப்பு நிலையாக வகுக்கப்பட்டுவிட்டதால், இம்மாற்றத்தில் இப்போது அளவீட்டுப் பிழை என்று எதுவுமே இல்லை.

20 கோடி என்பது 2 × 10⁸. இதை 1.6 × 10⁻¹⁹ ஆல் பெருக்கும்போது முன்னெண்களைத் தனியாகவும் பத்தின் அடுக்குகளைத் தனியாகவும் கணக்கிட்டால், 3.2 × 10⁻¹¹ ஜூல் என்ற விடை மனத்திலேயே கிடைத்துவிடும். பெருக்குவதா வகுப்பதா என்ற குழப்பத்தில்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. ஜூல் மிகப் பெரிய அலகு என்பதால், அதற்கு மாற்றும்போது எண் சிறுத்தே ஆக வேண்டும் என்று நினைவில் வைத்திருந்தால் அடுக்கின் குறி தடம் மாறாது.

ஆயினும் அலகை மாற்றுவது மட்டுமே நம்மை அணுவிலிருந்து வீட்டு மின்மானி வரை கொண்டு சேர்ப்பதில்லை. எத்தனை அணுக்கள் என்ற எண்ணிக்கையும் வேண்டும், அதைத் தருவது அவகாட்ரோ எண். 235 கிராம் யுரேனியம் 235-இல் 6.022 × 10²³ அணுக்கள் உள்ளன என்பதால், ஒரு கிராமில் இருப்பவை ஏறத்தாழ 2.56 × 10²¹. அவை அனைத்தும் பிளவுற்றால் 8.2 × 10¹⁰ ஜூல் வெப்பம் கிடைக்கும். நாம் யூனிட் என்று சொல்லும் ஒரு கிலோவாட் மணி 36 லட்சம் ஜூல் ஆகையால், அந்த வெப்பம் ஏறத்தாழ 22,800 யூனிட்டுக்குச் சமம். அதில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. கூடங்குளத்தில் 1,000 மெகாவாட் மின்சாரம் தரும் ஓர் உலை, முழுத் திறனில் இயங்கும்போது 3,000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. யுரேனியம் 235 மட்டுமே பிளவுறுவதாகக் கொண்டால், ஒரு நாள் முழுவதற்கும் மூன்று கிலோவுக்குச் சற்றே கூடுதலான நிறை போதும்.

இங்கே வேதியியலாளர்களின் கணக்கையும் சேர்த்துக் கொள்வது நல்லது. அவர்கள் ஓர் அணுவுக்கு இவ்வளவு என்று சொல்வதில்லை. ஒரு மோலுக்கு, அதாவது அவகாட்ரோ எண் அளவு துகள்களுக்கு, இத்தனை கிலோஜூல் என்பார்கள். ஒரு துகளுக்கு ஓர் எலக்ட்ரான் வோல்ட் என்பது ஒரு மோலுக்கு 96.5 கிலோஜூல் ஆகும். என்னைக் கேட்டால், இந்தத் துறையில் மனப்பாடம் செய்யத் தகுந்த எண் ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான். கார்பன் முழுமையாக எரியும்போது ஒரு மோலுக்கு 394 கிலோஜூல் வெளிப்படுகிறது என்று அட்டவணையில் பார்த்தவுடன், 96.5 ஆல் வகுத்து, ஓர் அணுவுக்கு 4.1 எலக்ட்ரான் வோல்ட் என்று சொல்லிவிடலாம். யுரேனியம் தரும் 20 கோடியை இத்துடன் ஒப்பிட்டால், அணுவுக்கு அணு ஏறத்தாழ 5 கோடி மடங்கு வேறுபாடு தெரிகிறது. ஆனால் கிராமுக்குக் கிராம் ஒப்பிட்டால் அது 25 லட்சம் மடங்கே. யுரேனியம் அணு கார்பன் அணுவைப் போல ஏறத்தாழ 20 மடங்கு கனமானது என்பதே காரணம். இரண்டு எண்களும் சரியானவையே. எதற்கு எது என்று சொல்லாமல் எழுதுவதுதான் வாசகரைக் குழப்புகிறது.

எண்ணிக்கையின் துணையே இல்லாமல், ஒற்றைத் துகளே ஜூல் அளவை எட்டிய நிகழ்வும் உண்டு. 1991 அக்டோபர் 15 அன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து வானில் பதிவான, விண்வெளியிலிருந்து வந்த காஸ்மிக் கதிர்த் துகளின் ஆற்றல் 3.2 × 10²⁰ எலக்ட்ரான் வோல்ட் என்று மதிப்பிடப்பட்டது. 1.6 × 10⁻¹⁹ ஆல் பெருக்கினால் 51 ஜூல் வருகிறது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் சுழற்பந்து வீச்சாளர் ஒருவர் வீசும் 160 கிராம் கிரிக்கெட் பந்தின் இயக்க ஆற்றல் இது. ஆனால் பந்தில் அந்த ஆற்றலை ஏறத்தாழ 10²⁶ புரோட்டான்களும் நியூட்ரான்களும் பகிர்ந்து கொள்கின்றன. ஒவ்வொன்றின் பங்கும் ஓர் எலக்ட்ரான் வோல்ட்டைப் பத்து லட்சம் கூறாக்கினால் அவற்றில் மூன்று கூறு மட்டுமே.