மூன்று முறை தடுக்கப்பட்ட வைஃபை திருடன்

சென்ற மாதம் திருச்சி உறையூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்திலிருந்து வந்த புகார், வீட்டு இணையப் பழுது பார்க்கும் எங்கள் பதிவேட்டில் “ஒரு கைப்பேசிக்கு மட்டும் நெட் வரவில்லை” என்றே எழுதப்பட்டிருந்தது. நேரில் போனபோதுதான் முழுக்கதையும் தெரிந்தது. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அந்த வீட்டுக்காரர், மூன்று வாரங்களாகத் தம் வைஃபையில் ஒரு திருடனைத் துரத்திக்கொண்டிருந்தார். ரவுட்டரின் பட்டியலில் பெயரில்லாத ஒரு கருவி இருப்பதைக் கைப்பேசி வழியாகக் கண்டு அதைத் தடைசெய்திருக்கிறார்; மறுநாளே அது வேறொரு முகவரியோடு வந்து நின்றிருக்கிறது; மறுபடியும் தடை, மறுபடியும் வருகை. மூன்றாவது தடையோடு திருடன் ஒழிந்தான். அன்று மாலையே அவருடைய மனைவியின் கைப்பேசியில் இணையம் நின்றுபோயிற்று.

இதற்கிடையில் அவர் தரைத்தளத்தில் தங்கியிருக்கும் கல்லூரி மாணவர்கள் மூவரைச் சந்தேகித்துச் சண்டைக்குப் போயிருக்கிறார். பேச்சு அந்த வீட்டின் உரிமையாளர் வரை சென்றிருக்கிறது. இந்த ஆண்டில் இதே வகையில் நான் பார்க்கும் ஐந்தாவது வீடு அது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்தத் திருடன் யார் என்பதை இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். பாட்டியின் கைப்பேசியில் இணையம் நின்ற முதல் இரண்டு முறையும், பத்தாம் வகுப்பு படிக்கும் பேரன் அரை நிமிடத்தில் அதைச் சரிசெய்து கொடுத்திருக்கிறான். தாத்தா தடைசெய்கிறார் என்பது அவனுக்குத் தெரியாது. பேரன் சரிசெய்கிறான் என்பது தாத்தாவுக்குத் தெரியாது. அந்த வீட்டு ரவுட்டர் 2.4, ஐந்து கிகாஹெர்ட்ஸ் என்னும் இரண்டு அலைவரிசைகளில் இரண்டு வைஃபை பெயர்களைத் தந்தது; முதல் முறை 2.4 பெயரிலிருந்து ஐந்து கிகாஹெர்ட்ஸ் பெயருக்கு மாற்றினான். இரண்டாம் முறை தனியுரிமை அமைப்புக்குள் போய் ஒரு தெரிவை மாற்றினான். தடைப் பட்டியலில் இருந்த மூன்று முகவரிகளும் ஒரே கைப்பேசியினுடையவை.

இதை நான் எத்தனை வீடுகளில் சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள் என்பதால், சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். வைஃபையில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் மேக் முகவரி என்ற ஓர் அடையாள எண் உண்டு. ரவுட்டரில் ஒரு கருவியைத் தடைசெய்யும்போது நீங்கள் உண்மையில் தடைசெய்வது அந்த எண்ணை மட்டும்தான். முன்பெல்லாம் அந்த எண் தொழிற்சாலையில் பொறித்தபடியே இருந்தது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதலும், கைப்பேசிகள் தம் உண்மையான எண்ணை மறைத்து, ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு புனைவு எண்ணைத் தாமாகவே காட்டுகின்றன. கடைத்தெருவிலும் விமான நிலையத்திலும் நம்மை யாரும் பின்தொடரக் கூடாது என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு அது. ஆகவே வீட்டில் இரண்டு வைஃபை பெயர்கள் இருந்தால் ஒரே கைப்பேசி இரண்டு எண்களோடு வரும். புனைவு எண்ணை நிறுத்திவிட்டால் மூன்றாவதாக உண்மையான எண்ணோடு வரும். ஐஓஎஸ் 18-இல் அந்த எண்ணை அவ்வப்போது தானாகவே மாற்றிக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது. ஒரு பத்தாம் வகுப்பு மாணவன் தனக்கே தெரியாமல் தாண்டிவிட்ட வேலியை, வேண்டுமென்றே நுழைபவன் தாண்ட மாட்டான் என்று எப்படி நம்புகிறீர்கள்? தடை என்பது, கடவுச்சொல்லைத் தெரிந்துவைத்திருப்பவனிடம் “சட்டையை மாற்றிக்கொண்டு வா” என்று சொல்வதைப் போன்றது. கடவுச்சொல்லை மாற்றாதவரை நீங்கள் யாரையும் வெளியேற்றவில்லை.

பட்டியலைப் பார்ப்பது எளிய வேலை. அதைப் படிப்பதுதான் கடினம். அதனால் கைப்பேசியைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். வீட்டில் வைஃபையைப் பயன்படுத்தும் பொருள்களை எல்லாம் அறை அறையாகப் போய் எழுதுங்கள். கைப்பேசிகள், மடிக்கணினிகள், தொலைக்காட்சி, செட்டாப் பாக்ஸ், கண்காணிப்புக் கேமரா, அச்சுப்பொறி, பேசும் ஒலிபெருக்கி, குளிர்சாதனம், துணி துவைக்கும் இயந்திரம், ஸ்மார்ட் பல்பு, பழைய கைப்பேசியைப் பேரக்குழந்தைக்குக் கொடுத்திருந்தால் அது. “எங்கள் வீட்டில் நான்கே கருவிகள்” என்று சொன்னவர்களின் வீட்டில் பதினான்கு வரை எண்ணியிருக்கிறேன்.

பிறகு கைப்பேசியை வீட்டு வைஃபையில் இணைத்து, மொபைல் டேட்டாவை நிறுத்திவிடுங்கள். ஆண்ட்ராய்டில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள பற்சக்கரக் குறியைத் தொட்டால் ‘கேட்வே’ என்ற வரி கிடைக்கும். ஐபோனில் பெயருக்குப் பக்கத்தில் உள்ள வட்டக் குறியைத் தொட்டால் ‘ரவுட்டர்’ என்ற வரி கிடைக்கும். அங்கே 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ அதைப் போன்றோ ஓர் எண் இருக்கும். அதை உலாவியின் முகவரிப் பட்டையில் இட்டால் ரவுட்டரின் நிர்வாகப் பக்கம் திறக்கும். ‘பாதுகாப்பற்றது’ என்று உலாவி எச்சரிக்கும்; உங்கள் வீட்டு ரவுட்டரின் இந்த எண்ணுக்கு மட்டும் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. நுழைவுப் பெயரும் கடவுச்சொல்லும் பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும். சில நிறுவனங்கள் இந்தப் பக்கத்துக்குப் பதிலாகத் தம் செயலியைத் தருகின்றன. அதிலும் இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் உண்டு.

இங்கே தொழில்காரனாக ஒரு குறிப்பு. பல ரவுட்டர்களில் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. டிஹெச்சிபி பட்டியல் என்பது, இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் தற்காலிகமாகக் கொடுக்கும் ஐபி முகவரிகளின் பதிவேடு; மேக் முகவரி வேறு, இது வேறு. காலையில் வந்துபோன விருந்தினரின் கைப்பேசி, அதற்குக் கொடுத்த தவணை முடியும்வரை, சில ரவுட்டர்களில் ஒரு நாள் முழுவதும்கூட, அதில் நின்றுகொண்டிருக்கும். இந்த நிமிடம் இணைந்திருப்பவர்களைக் காட்டுவது வயர்லெஸ் பட்டியல். முதல் பட்டியலைப் பார்த்துவிட்டு நள்ளிரவில் எனக்குத் தொலைபேசியில் அழைப்பவர்கள் தயவுசெய்து இரண்டாவதையும் ஒருமுறை பார்க்கவும்.

வைஃபையில் இணைந்த கருவிகளைத் தேடிக் காட்டும் ஃபிங் போன்ற செயலிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். நல்ல செயலிதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அண்மைக்கால ஆண்ட்ராய்டும் ஐஓஎஸ்ஸும் மற்றக் கருவிகளின் மேக் முகவரியைச் செயலிகள் படிக்க விடுவதில்லை என்பதால், பழைய கைப்பேசிகளில் காட்டிய அளவுக்கு இப்போது அவற்றால் காட்ட முடிவதில்லை. தூங்கிக்கொண்டிருக்கும் கருவிகளும் அவற்றின் கண்ணிலிருந்து தப்பிவிடும். ரவுட்டரின் பட்டியலே மூலப் பதிவேடு. வைஃபை தகவலைப் படிக்க ஒரு செயலி இருப்பிட அனுமதி கேட்பது இயல்பு. தொடர்பு எண்களையும் குறுஞ்செய்திகளையும் கேட்டால் அதை உடனே நீக்கிவிடுங்கள். திருடனைப் பிடிக்கப் போய் வேறொருவனுக்குச் சாவி கொடுக்க வேண்டாம்.

பெயர்களைப் பார்த்துத் திகைப்பதுதான் அடுத்த தொல்லை. உறையூர் வீட்டுப் பட்டியலில் ‘இஎஸ்பி’ என்று தொடங்கும் ஒரு பெயர் இருந்தது. ‘எஸ்பியனேஜ்’, அதாவது உளவு வேலை, என்பதன் சுருக்கம் அது என்று மருமகன் விளக்கம் கொடுத்திருந்தாராம். எஸ்பிரெசிஃப் என்னும் ஷாங்காய் நிறுவனத்தின் சில்லு பொருத்திய கருவிகள் பலவும் அந்தப் பெயரில்தான் தோன்றும். விலை மலிந்த ஸ்மார்ட் பிளக்குகளிலும் பல்புகளிலும் அது நிறையவே இருக்கிறது. அந்த வீட்டில் அது தண்ணீர் மோட்டாருக்கு அவர்களுடைய மகனே வாங்கி மாட்டிய பிளக். அதேபோல், மடிக்கணினியின் பெயருக்குப் பதிலாக, அதன் வைஃபை அட்டையைச் செய்த ஏதோ ஒரு தைவான் நிறுவனத்தின் பெயர் தெரியலாம். கைப்பேசியாக இருந்தால் புனைவு எண்ணை அடையாளம் காண ஒரு வழி உண்டு: மேக் முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ (A), இ (E) ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால் அது புனைவு எண்.

சந்தேகம் தீர எளிய வழி, ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பதுதான். தொலைக்காட்சியின் சுவிட்சை அணையுங்கள், சில நிமிடங்கள் கழித்துப் பட்டியலைப் புதுப்பியுங்கள், எது மறைந்ததோ அதைத் தாளில் குறியுங்கள். நேரம் பிடிக்கும் வேலைதான். நான் ஒரு வீட்டில் இதைச் செய்ய முக்கால் மணி நேரம் ஆகிறது. பக்கத்து வீட்டோடு சண்டை போட்டுத் தீர்க்க அதைவிட அதிக நேரம் ஆகும். வைஃபையைத் தொலைவான அறைகளுக்கு நீட்டிக்கும் ரிப்பீட்டர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: அதன் வழியாக வரும் கருவிகள் பலவும் ரிப்பீட்டரின் முகவரியிலேயே தெரியக்கூடும், ரிப்பீட்டருக்கென்று தனிப் பெயரும் பழைய கடவுச்சொல்லும் இருந்தால் பின்வாசல் அங்கேதான் இருக்கிறது.

‘நெட் மெதுவாக இருக்கிறது, ஆகவே யாரோ திருடுகிறார்கள்’ என்பதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறேன். முதலில் ரவுட்டரைத் தொலைக்காட்சிக்குப் பின்னாலிருந்தும் இரும்பு பீரோவுக்குப் பக்கத்திலிருந்தும் எடுத்து வெளியே வையுங்கள்.

உறையூர் வீட்டில் இந்த முக்கால் மணி நேர வேலை முடிந்தபோது, தாளில் குறியிடாத வரி ஒன்று மிஞ்சியது. ‘ஆண்ட்ராய்டு டிவி’ என்ற பெயர் பட்டியலில் இரண்டு இடத்தில் இருந்தது; அந்த வீட்டில் இருந்ததோ ஒரே தொலைக்காட்சி. இன்னொன்று செட்டாப் பாக்ஸாக இருக்கும் என்று எண்ணி, மூன்று வாரமும் அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெயரில்லாதவனைத் துரத்தியவர், பெயரோடு உட்கார்ந்திருந்தவனை வீட்டு ஆளாகவே எடுத்துக்கொண்டிருந்தார். அதன் சுவிட்ச் அந்த வீட்டில் இல்லை.

வெளியாள் எப்படி நுழைகிறான்? என் அனுபவத்தில் பெரும்பாலும் நாமே கொடுத்ததுதான். அதோடு, ஒருவருக்குக் கொடுத்தது ஒருவரோடு நிற்பதும் இல்லை. ஆண்ட்ராய்டு 10 முதல், இணைந்திருக்கும் எவரும் தம் கைப்பேசியில் கியூஆர் குறியை வரவழைத்து அடுத்தவருக்குக் காட்டலாம். பல கைப்பேசிகளில் அதன் கீழேயே கடவுச்சொல்லும் எழுத்துக்கூட்டி இருக்கும். வைஃபை பகிர்வுச் செயலிகள் சில, கைப்பேசிக்காரர் இணைந்த வைஃபைகளின் கடவுச்சொற்களைப் பொதுவில் ஏற்றிவிடுகின்றன. 2019-இல் அத்தகைய ஒரு செயலியின் தரவுத்தளம் பூட்டில்லாமல் கிடந்ததில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வைஃபை கடவுச்சொற்கள் வெளியாயின.

கொடுக்காமலே எடுப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு வழி செய்து கொடுப்பது நம் கைப்பேசி எண். பத்து வீடுகளில் ஐந்தாறு வீடுகளின் வைஃபை கடவுச்சொல் வீட்டுத் தலைவரின் கைப்பேசி எண்ணாகவே இருக்கிறது. 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில் தொடங்கும் பத்து இலக்க எண்கள் மொத்தம் 400 கோடி. மனிதனுக்கு அது பெரிய தொகை. இணைப்பின்போது காற்றில் போகும் செய்திகளைப் பதிந்துகொண்டு போய், நல்ல கிராஃபிக்ஸ் அட்டை பொருத்திய ஒரு கணினியில் அத்தனை எண்களையும் சில மணி நேரத்தில் சோதித்துவிடலாம். உங்கள் எண் தெரிந்த பால்காரருக்கும் கூரியர்க்காரருக்கும் அதுகூடத் தேவையில்லை.

இதில் என்ன கெட்டுவிட்டது, கொஞ்சம் டேட்டாதானே என்பவர்கள் 2008 ஜூலை 26-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போயிற்று. அதன் ஐபி முகவரியைத் தொடர்ந்து போன காவல்துறை சென்று நின்ற இடம், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீடு. பூட்டில்லாத அவருடைய வைஃபையை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். விசாரணையோ அவரிடம்தான் தொடங்கிற்று. பிறர் இணைப்பில் அனுமதியின்றி, நேர்மையற்ற அல்லது ஏமாற்றும் நோக்கோடு நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின்படி மூன்றாண்டு வரை சிறைக்கும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் உரிய குற்றம் என்பது உண்மை. ஆனால் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இணைப்புக்குச் சொந்தக்காரரே. உங்கள் இணைப்பு வழியாகப் பணமோசடி ஏதும் நடந்ததாகத் தெரிந்தால் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்கத் தயங்காதீர்கள்.

செய்ய வேண்டியவை சிலவே. கடவுச்சொல்லை மாற்றுங்கள், குறைந்தது பன்னிரண்டு எழுத்துகளாவது இருக்கட்டும். இரண்டு வைஃபை பெயர்கள் இருந்தால் இரண்டுக்கும் மாற்றுங்கள், 2.4-க்கு மாற்றிவிட்டு ஐந்து கிகாஹெர்ட்ஸைப் பழைய கடவுச்சொல்லோடு விட்டுவைத்த வீடுகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டேன். ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் வேறு, வைஃபை கடவுச்சொல் வேறு. ‘அட்மின்’ என்று இருக்கும் முன்னதையும் மாற்றுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 அல்லது டபிள்யூபிஏ2 ஆக இருக்கட்டும். கடவுச்சொல் இடாமலே ஒரு பொத்தானாலோ எட்டு இலக்க எண்ணாலோ இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை நிறுத்துங்கள். அந்த எண்ணை 11,000 முயற்சிகளுக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011-லேயே வெளிவந்த செய்தி. வைஃபை பெயரை மறைத்து வைப்பதில் பயனில்லை, நேரத்தை வீணாக்காதீர்கள். விருந்தினருக்கு ரவுட்டரில் தனி விருந்தினர் இணைப்பு இருக்கிறது. தீபாவளிக்கு வந்தவர்கள் ஊர் திரும்பியதும் அதன் கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் போதும்.

எல்லாக் கருவிகளிலும் மறுபடி கடவுச்சொல் இட வேண்டுமே என்று சலித்துக்கொள்கிறீர்கள். தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை அதற்குக் கொடுங்கள். அந்தச் சலிப்புக்காகப் பழைய கடவுச்சொல்லையே திரும்ப வைக்கச் சொல்லாதீர்கள், அதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

உறையூர் வீட்டில் இரண்டு வைஃபை பெயர்களுக்கும் கடவுச்சொல்லை மாற்றி, ரவுட்டரை அணைத்து மீண்டும் போட்டேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, பெரியவரின் கைப்பேசி ஒலித்தது. எதிர்வீட்டு அம்மா. “மாமா, உங்க வீட்டுல நெட் வருதா? எங்க டிவியில வரமாட்டேங்குதே” என்று கேட்டார். 2020 ஊரடங்கில் அவர் மகளின் ஆன்லைன் வகுப்புக்காகப் பெரியவரே கூப்பிட்டுக் கொடுத்த கடவுச்சொல் அது. அந்தப் பெண் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். விருந்தினர் இணைப்பை அவர்களுக்குக் கொடுக்க விரும்பினால் எப்படிக் கொடுப்பது என்று காட்டினேன். தரைத்தளத்து மாணவர்களிடம் என்ன சொல்வது என்றும் கேட்டார். அது எங்கள் சேவையில் அடங்காது என்று சொல்லிவிட்டு, ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.