டப்பிங்: சொல்லும் வேலையும்

தமிழில் ‘டப்பிங்’ என்ற ஒரு சொல் இரண்டு வேலைகளைச் சுமக்கிறது. நடித்து முடித்த காட்சிக்கு அதே மொழியில் பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் குரல் சேர்ப்பதும் டப்பிங்தான். தெலுங்குப் படத்தைத் தமிழ் பேச வைப்பதும் டப்பிங்தான். கோடம்பாக்கத்தில் வேலை பார்ப்பவருக்கு எது என்று இடத்தை வைத்தே விளங்கிவிடும். ‘அனிமே’ எனப்படும் ஜப்பானிய வரைகலைத் தொடருக்கு ஆங்கிலத்தில் குரல் தருபவரைப் பற்றி எழுத உட்காரும்போதுதான் இந்தச் சொல் பற்றாமல் போகிறது. எனவே அந்த வேலையைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம்.

முதலில் பிறப்பு. ஆங்கில ‘டப்’, ‘டபுள்’ என்பதன் குறுக்கம். பேசும் படம் வந்த புதிதில், 1920களின் இறுதியையொட்டி, ஒலித்தடத்தை இரட்டிப்பது, ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைப்பது என்ற பொருளில் புழக்கத்துக்கு வந்தது. வாளால் தோளைத் தொட்டு வீரப்பட்டம் சூட்டுவதைக் குறிக்கும் பழைய ‘டப்’ இதற்கு உறவில்லாத வேறு சொல். இரண்டையும் ஒன்றாகக் காட்டும் விளக்கங்கள் பிழையானவை.

தொழிலுக்குள் இன்னொரு பெயரும் உண்டு: ஏ.டி.ஆர். முன்பெல்லாம் ஒவ்வொரு வசனத்துக்குமான படச்சுருள் துண்டை வெட்டி, முனையோடு முனை ஒட்டி, வளையமாகச் சுழலவிடுவார்கள். அது சுற்றச் சுற்ற நடிகர் சொல்லிப் பார்ப்பார். அதனால் அதற்கு ‘லூப்பிங்’ என்று பெயர். வெட்டாமலே கருவி தானாகப் பின்னோக்கி ஓடி அதே இடத்தில் வந்து நிற்கும் காலம் வந்தபோது, ‘ஆட்டோமேட்டட் டயலாக் ரீப்ளேஸ்மென்ட்’ என்ற பெயர் வந்தது. அதன் முதலெழுத்துகளே ஏ.டி.ஆர். இதில் தானியங்குவது கருவி மட்டுமே.

ஜப்பானியர் இதை ‘அஃபுரெக்கோ’ என்கிறார்கள். ‘ஆஃப்டர் ரெக்கார்டிங்’ என்ற ஆங்கிலச் சொற்களை அவர்களே சேர்த்துச் சுருக்கிக்கொண்டது. குரல் தருபவர் ‘செய்யூ’: ‘செய்’ என்றால் குரல், ‘யூ’ என்பது நடிகரைக் குறிக்கும் சொல்லின் பகுதி. வானொலி நாடகக் காலம் தொட்டு வழங்கும் பெயர் இது. வேலை நடிப்பு என்பதைப் பெயரே சொல்லிவிடுவதைக் கவனிக்க வேண்டும்.

ஜப்பானில் நடிகர்கள் ஓர் அறையில் கூடி, சில மைக்குகளுக்கு முன் மாறி மாறி வந்து பேசுவதே வழக்கம். படம் முழுதாக வரையப்படாமலே பதிவு நடப்பதும் சகஜம். ஆங்கிலப் பதிப்பில் நிலைமை தலைகீழ். படமும் வாயசைவும் உறுதியாகிவிட்டன. நடிகர் தனியே அறைக்குள் நிற்கிறார். பதில் பேச ஆள் இல்லை. முழு வசனப்பிரதியும் பல நேரம் முன்கூட்டிக் கைக்கு வருவதில்லை. கதையில் இது எந்த இடம், எதிரில் நிற்பவன் யார், எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்பதைக் கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் இயக்குநர் சொல்லித்தான் தெரியும்.

பதிவு நடக்கும் முறை இது. மூல ஜப்பானிய வசனத்தை ஒருமுறை படத்தோடு ஓட்டிக் காட்டுவார்கள். பிறகு காதில் சீரான இடைவெளியில் மூன்று ‘பீப்’ ஒலி வரும். நான்காவது வர வேண்டிய இடத்தில் ஒலி இருக்காது. அங்கே வாயைத் திறக்க வேண்டும். மைக்கிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தள்ளி, நேருக்கு நேர் இல்லாமல் சற்றே சாய்வாக நின்றால் ‘ப’, ‘ட’ ஒலிகளின் காற்று மைக்கில் இடிக்காது. கத்தும் இடத்தில் ஓரடி பின்வாங்குவார்கள். அதற்கேற்ப ஒலிப்பொறியாளர் பதிவின் அளவையும் முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும். மறந்தால் ஒலி உடைந்துவிடும், உடைந்ததை மீட்க வழியில்லை. தொண்டை கட்டினால் அன்றைய வேலை போச்சு. எனவே சண்டைக் காட்சிகளின் அலறலை எல்லாம் கதை வரிசையைப் பாராமல் கடைசிக்குத் தள்ளி வைப்பவரே நல்ல இயக்குநர்.

மிகவும் கடினமான பகுதி இதற்கு முன்பே, எழுதுபவரின் மேசையில் முடிந்திருக்கும். மொழிபெயர்ப்பாளர் பொருளைத் தந்த பிறகு, வாயசைவுக்கேற்ப வசனத்தை மறுபடி எழுத ஒருவர் இருக்கிறார். அனிமேயில் வாய்க்குப் பெரும்பாலும் மூன்றே நிலை: மூடியது, பாதி, திறந்தது. படம் நொடிக்கு 24 சட்டங்கள் (‘ஃபிரேம்’) ஓடினாலும், ஓர் ஓவியத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்துவது வழக்கம் என்பதால், ஒரு வாய்நிலை ஏறத்தாழ எட்டில் ஒரு நொடி நிற்கும். மனிதர் நடித்த படத்தில் ‘ம’, ‘ப’ வரும்போது உதடு ஒட்டியாக வேண்டும். இங்கே அந்தக் கண்டிப்பு குறைவு. வாய் எப்போது திறக்கிறது, எத்தனை முறை அசைகிறது, எப்போது மூடுகிறது என்ற மூன்றும் பொருந்தினால் கண் ஏற்றுக்கொள்ளும்.

ஓர் எளிய வசனத்தைப் பார்ப்போம். நண்பனிடம் ஒருவன் ‘அரிகதோ’ என்கிறான். கடைசி ஓகாரம் நீள்வதால் ஜப்பானியக் கணக்கில் ஐந்து மாத்திரை. வாயும் ஐந்து முறை அசைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆங்கில ‘தேங்க் யூ’ இரண்டே அசை. சொல்லி முடித்த பின்னும் வாய் மென்றுகொண்டிருக்கும். ‘தேங்க் யூ வெரி மச்’ ஐந்து அசைதான். ஆனால் நண்பனிடம் பேசும்போது மேடைப் பேச்சாகிவிடும். ‘ஹே, தேங்க்ஸ் எ லாட், மேன்’ என்று எழுதினால் அதே ஐந்து அசை, நட்பும் கெடவில்லை. பழைய ஆங்கிலப் பதிப்புகளில் தேவையில்லாமல் ‘ஹா?’, ‘வெல்’ என்று ஒட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம், மீந்த அசைவுகளை இப்படி இட்டு நிரப்பியதுதான். ஒன்றிரண்டு சட்டப் பிசகு என்றால் பொறியாளர் ஒலியை நகர்த்தியோ இழுத்தோ சரிசெய்வார். அதற்கு மேல் இழுத்தால் குரலில் உலோகச் சாயல் ஏறும். மறுபடி பேசுவதே வழி.

இந்தத் தொழிலுக்கு அறுபதாண்டு தாண்டிய வரலாறு உண்டு. 1963இல் ‘அஸ்ட்ரோ பாய்’ அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்தபோது அந்தச் சிறுவனுக்குப் பில்லி லூ வாட் என்ற நடிகை குரல் தந்தார். 1967இல் ‘ஸ்பீட் ரேஸர்’ தொடருக்குப் பீட்டர் ஃபெர்னான்டஸ் நாயகனாகப் பேசியதோடு ஆங்கில வசனமும் எழுதி, பதிவையும் இயக்கினார். பிற்பாடு டெக்சாஸின் டாலஸ் வட்டாரமும் லாஸ் ஏஞ்சலஸும் இதன் இரு மையங்கள் ஆயின. டாலஸ் பக்கம் 1999 முதல் ‘டிராகன் பால் ஸீ’ தொடரில் நாயகன் கோகுவாகப் பேசியவர் ஷான் ஷெம்மல். லாஸ் ஏஞ்சலஸில் ‘கௌபாய் பீபாப்’ நாயகனாகப் பேசியவர் ஸ்டீவ் ப்ளம்.

ஊதியம் மணிக்கணக்கில். தொடர் எத்தனை முறை ஓடினாலும் பின்னால் பங்குத்தொகை வருவது அரிது. புதியவர் பெரும்பாலும் சந்தை இரைச்சல், கும்பல் கூச்சல், பெயரில்லாத காவலாளி என்றுதான் தொடங்குகிறார். நாயகனாகப் பேசுபவரே வீடியோ கேமுக்கும் விளம்பரத்துக்கும் பேசுவார், வசனம் திருத்துவார், இன்னொரு தொடரை இயக்குவார். ஒரே வேலையை நம்பி வாழ்பவர் குறைவு.

இனித் தமிழ்ச் சொல். ‘ஒலிச்சேர்க்கை’ பொருந்தாது, அதைக் கேட்டால் இசையும் சத்தமும் கலக்கும் வேலையே நினைவுக்கு வரும். ‘பின்னணிக் குரல்’ பின்னணிப் பாடகரை ஒட்டி வந்த நல்ல சொல்தான். ஆனால் ஆவணப்படத்தில் கதை சொல்பவரையும் அதுவே குறிக்கிறது. பத்திரிகைகள் எழுதும் ‘இரவல் குரல்’ திரையில் தெரியும் முகத்துக்குச் சொந்தக்காரர் இருக்கும்போது செல்லும். வரைந்த முகத்துக்கு யாரிடமிருந்து யார் இரவல் வாங்குவது? ‘குரல் கொடுத்தவர்’ என்றால் ஏழைகளுக்காகக் குரல் கொடுத்தவரும் அதற்குள் வந்துவிடுவார்.

மொழியிலிருந்து மொழிக்குக் கொண்டுபோகும் வேலைக்கு ‘மொழிமாற்று’ என்பதையே வைத்துக்கொள்ளலாம். ‘மொழிமாற்றுப் படம்’ ஏற்கெனவே வழக்கில் நிலைத்த சொல். அதற்குப் பழைய பொருள் ஒன்றும் உண்டு. செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறை பொருள்கோள். நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோள்களில் மொழிமாற்று ஒன்று. அங்கே ‘மொழி’ என்றால் சொல். ‘சுரையாழ அம்மி மிதப்ப’ என்ற அடியில் சொற்களை இடம் மாற்றி, அம்மி ஆழ, சுரை மிதப்ப என்று கொண்டால்தான் பொருள் கிடைக்கும். வாயசைவுக்காக வசனத்தின் முன்பின்னைப் புரட்டிப் போடும் எழுத்தாளர் அதே சொல்லிடமாற்றத்தைத்தான் செய்கிறார். இரண்டு பொருளும் தாங்கும் சொல் இது ஒன்றுதான்.

ஏ.டி.ஆர். என்ற பதிவு முறைக்குக் ‘குரல் பொருத்துதல்’ போதும். ஆளுக்குக் ‘குரல் நடிகர்’ என்பதே சரி. செய்யூ என்ற சொல்லோடு உறுப்புக்கு உறுப்பு ஒத்துப்போகிறது. ‘குரல் கலைஞர்’ என்றும் எழுதுகிறார்கள். பாடகரும் அறிவிப்பாளரும் அதில் அடங்கிவிடுவதால் இங்கே வேண்டாம். ‘சோலோ லெவலிங்’ போன்ற தொடர்கள் இப்போது தமிழிலும் பேசுகின்றன. அவற்றைப் பற்றி எழுதுவோர், ‘தமிழ் மொழிமாற்று’, ‘தமிழ்க் குரல் நடிகர்’, ‘மொழிமாற்று வசனம்’ என்று மூன்றையும் பிரித்தே எழுதலாம். வசனம் எழுதியவரின் பெயரை விட்டுவிட வேண்டாம்.