வெள்ளி ரூபாய் வாங்கும் முன்

பழைய வெள்ளி ரூபாயைச் சோதிக்க வேண்டும் என்றதும் பலரும் காந்தத்தைத்தான் தேடுகிறார்கள். ஒட்டவில்லை என்றால் வெள்ளி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். செம்பிலும் காந்தம் ஒட்டாது, பித்தளையிலும் ஒட்டாது, போலி செய்கிறவர்களுக்கு மிகவும் பிடித்த ஜெர்மன் சில்வரிலும் (பெயரில்தான் வெள்ளி, உண்மையில் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) ஒட்டாது. காந்தம் ஒட்டினால் அது வெள்ளி ரூபாய் இல்லை என்று தெரியும், அவ்வளவுதான். பிரிட்டிஷ் காலத்து ரூபாயில் 1947 மட்டும் நிக்கல். அதில் காந்தம் ஒட்டியே ஆக வேண்டும்.

நாணயம் விற்பதும் மதிப்புப் போட்டுச் சொல்வதும் என் தொழில். ஒரு காசு கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது உலோகத்தை இல்லை, எழுத்தையும் ஆண்டையும்தான். இப்படி ஒரு காசு அந்த ஆண்டில் வெளிவந்ததா? விக்டோரியா 1877 முதல் காசுகளில் ‘எம்ப்ரஸ்’. அதற்கு முன் ‘குயின்’. ‘குயின்’ என்று போட்டு 1885 என்று ஆண்டு இருந்தால் அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை. ஏழாம் எட்வர்டு ரூபாயில் அரசர் தலையில் கிரீடம் இருக்காது. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் 1922-க்குப் பிறகு பல ஆண்டுகள் அடிக்கப்படவில்லை. ஆகவே 1925 என்று ஒரு முழு ரூபாய் கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள். அரை ரூபாயும் கால் ரூபாயும் அந்த ஆண்டுகளில் உண்டு, அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எழுத்தும் ஆண்டும் சரியாக இருந்தால் அப்புறம் எடை. கம்பெனி காலத்து 1835 ரூபாயிலிருந்து 1945 வரை ஒரு ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். புழங்கித் தேய்ந்த காசு கொஞ்சம் குறையும். எடை கூடினால் சந்தேகப்படுங்கள். ஆனால் எடையைச் சரிக்கட்டுவது போலிக்காரருக்குக் கஷ்டமே இல்லை, கொஞ்சம் தடிமனாகச் செய்தால் போதும். அதனால்தான் நான் தண்ணீர்ச் சோதனையை விடுவதில்லை. கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சின்னத் தராசு ஒன்று வேண்டும். அதன் மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து எண்ணைச் சுழியமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க முங்கும்படி பிடியுங்கள். காசில் காற்றுக் குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. தேயாத நல்ல ரூபாய் என்றால் தராசு சுமார் 1.13 காட்டும். அதே எடையுள்ள ஜெர்மன் சில்வர் 1.34-ஐ ஒட்டிக் காட்டும். தேய்ந்த காசுக்கு, அதன் எடையை இந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள், 10.3 பக்கம் வர வேண்டும். 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் வெள்ளி பாதிதான், அதற்கு 9.5 வந்தால் சரி. அந்தக் காசுகளின் விளிம்பில் வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளக் கோடு ஓடும், அதையும் பாருங்கள்.

உரைகல்லில் தேய்ப்பது, ஆசிட் விடுவது, விளிம்பில் அரம் போடுவது எதுவும் வேண்டாம். காசு நல்லதாகவே இருந்தாலும் சேகரிப்பவரிடம் அதன் விலை அந்த நிமிடமே விழுந்துவிடும். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாகக் கொண்டுவருகிறவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது.

அச்சில் வார்த்த போலியைப் பத்து மடங்கு லென்ஸ் காட்டிக்கொடுத்துவிடும். நாணயச்சாலையில் அடித்த காசில் எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்கும். வார்த்ததில் அது சோப்புபோல மழுங்கியிருக்கும், தளத்தில் ஊசிமுனைக் குழிகள் தெரியும், விளிம்பில் சில நேரம் ஒட்டுக்கோடும் இருக்கும்.

இத்தனையிலும் தேறிவிடும் போலி ஒன்று உண்டு, நான் அதிகம் பயப்படுவது அதற்குத்தான். அது நிஜமான வெள்ளி ரூபாய்தான், ஆண்டு மட்டும் திருத்தப்பட்டிருக்கும். ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் மிக அரிது. 1938 அவ்வளவு அரிதில்லை. கடைசி எட்டை ஒன்பதாக்கினால் விலை எங்கோ போய்விடும். எடை, தண்ணீர், தட்டினால் வரும் ஓசை எல்லாம் சரியாகவே இருக்கும். ஆகவே 1939 என்று யார் நீட்டினாலும் லென்ஸைக் கடைசி எண்ணில் வையுங்கள். அதைச் சுற்றி மட்டும் தளம் தேய்க்கப்பட்டிருக்கிறதா, மற்ற மூன்று எண்களின் உயரமும் பருமனும் இதற்கும் இருக்கிறதா, நிறம் மாறுகிறதா என்று காசைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் வாங்காதீர்கள்.

ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ ஒரு பக்கம், ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818’ என்று மறுபக்கம் இருக்கும் காசையும் நிறையப் பேர் கொண்டுவருகிறார்கள். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. இவை பின்னாளில் செய்த வில்லைகள். பூஜையறையில் வைத்துக் கும்பிடுங்கள், அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் அது அரிசியை இழுக்கும், கோடிக்கு விலை போகும் என்று சொல்லி ‘சோதனைச் செலவு’ கேட்பவர் வந்தால் போலீசுக்குப் போங்கள். இந்த ‘ரைஸ் புல்லிங்’ பேச்சில் வீட்டை அடகு வைத்தவர்கள் உண்டு.

பழைய ஐந்து ரூபாய்க்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று வரும் செய்திகளும் இந்த ரகம்தான். தன் பெயரைச் சொல்லி இப்படிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது.

காசைச் சோதித்துத் தரம் போட்டுப் பெட்டியில் மூடித் தரும் நிறுவனங்கள் பிசிஜிஎஸ், என்ஜிசி. அவற்றின் பெட்டியில் அடைத்து வரும் காசுகளிலும் கவனம் தேவை, பெட்டியே போலியாக வருகிறது. அதில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் காசின் கீறல்களைக்கூட ஒப்பிடுங்கள். விலை அதிகமான காசு என்றால் ஆண்டு, வகை எழுதிய பில்லும், போலி என்று தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தருவதாக ஒரு வரியும் கேட்டு வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் 1939 வாங்க வேண்டாம்.