வாட்ஸ்அப்ல விடுற கரடியும் நம்ம மலைக் கரடியும்

போன மாசம் கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்ல கரடி பத்தி பேசக் கூப்பிட்டிருந்தாங்க. நான் வெட்னரி டாக்டர், ஃபாரஸ்ட் ஆளுங்க கூட கூண்டு, மயக்க ஊசின்னு அலையுற வேலை. நான் பேச ஆரம்பிச்ச அஞ்சாவது நிமிஷமே ஒரு தம்பி எந்திரிச்சு, "சார், கருப்பு கரடி வந்தா திருப்பி அடிக்கணும், பிரவுன் கரடி வந்தா படுத்துக்கணும், வீடியோ வந்துச்சு சார்"னு போனையே நீட்டிட்டான்.

அந்த வீடியோல சொன்னது பொய் இல்ல. ஆனா அது அமெரிக்கா, கனடா ஆளுங்களுக்கு சொன்னது. நம்ம நீலகிரியில சுத்துற தேன் கரடியும் கருப்புதானே, அப்ப இதை நம்பி எவனாவது கம்பை எடுத்துட்டு எதிர்ல நின்னான்னா என்ன ஆகும்னு நெனச்சா எனக்கு வயித்தை கலக்குது.

உலகத்துல மொத்தம் 8 வகை கரடி இருக்கு. (கோலாவை சேர்க்காதீங்க, அது கரடியே கிடையாது, வயித்துல பை வெச்ச கங்காரு கூட்டம்.) ஒவ்வொண்ணும் வளர்ந்த இடம் வேற, குணமும் வேற. அமெரிக்க கருப்பு கரடி காட்டுக்குள்ளயே வளர்ந்தது, பயந்தா மரத்துல ஏறிடும், அதனால அது நம்மள விடாம தொரத்திட்டு வருதுன்னாலே நம்மள இரையா பாக்குதுன்னு அர்த்தம், அதான் திருப்பி அடிக்கச் சொல்றாங்க. பிரவுன் கரடி, அதாவது கிரிஸ்லி இருக்குற வகை, வெட்டவெளியில வாழறது, குட்டியை காப்பாத்த எதிர்த்து வந்துதான் ஆகணும், நீ ஆபத்து இல்லன்னு தெரிஞ்சா விட்டுடும், அதான் படுக்கச் சொல்றது. அங்கயும் நிறத்தை மட்டும் பாத்து முடிவு பண்ண முடியாது, அதே கருப்பு கரடி வகையில பிரவுனா பொறக்குறது உண்டு, கனடாவோட மேற்குக் கரையில வெள்ளையாவே பொறக்குறதும் உண்டு. பனிக்கரடி கதையே தனி, அது சீல்ங்கற கடல் மிருகத்தை தின்னு வாழறது, அதுக்கு மனுஷனும் ஒரு கறிதான். பாண்டா நாள் முழுக்க மூங்கிலோட கெடக்கும். தென் அமெரிக்காவுல இருக்குறது கண்ணாடிக் கரடி ஒண்ணுதான்.

இந்தியாவுல நாலு வகை. இமயமலையில பிரவுன் கரடி, நெஞ்சுல பிறை மாதிரி வெள்ளைக் கோடு இருக்குற ஆசிய கருப்பு கரடி, வடகிழக்குல எல்லாத்தையும் விட சின்னதான சூரியக் கரடி, நாலாவது நம்ம ஆளு, தேன் கரடி. தமிழ்நாட்டுல இது மட்டும்தான், இலங்கையில வில்பத்து, யால பக்கம் இருக்குறதும் இதே வகை. 1791-ல ஜார்ஜ் ஷான்னு ஒரு இங்கிலீஷ்காரர் இதோட நகத்தையும் பல்லையும் பாத்து இது ஸ்லாத்துன்னு (மரத்துல தொங்கிட்டு மெதுவா நகர்ற ஒரு மிருகம்) முடிவு பண்ணிட்டார், அதான் இன்னிக்கும் இங்கிலீஷ்ல 'ஸ்லாத் பேர்'னு ஒட்டிட்டு இருக்கு, சோம்பேறிக் கரடின்னு. ஒரு தடவை அது ஓடறதை பாத்தா அந்தப் பேரை யாரும் வெக்க மாட்டாங்க.

மயக்கம் போட்டுப் படுக்க வெச்சு வாயைத் திறந்து பாத்தா மேல்வரிசையில நடு முன்பல் ரெண்டும் இருக்காது. அந்த சந்துலதான் கரையானை உறிஞ்சும், வேக்குவம் கிளீனர் மாதிரி, மண்ணு போகாம இருக்க மூக்கு ஓட்டையை மூடிக்கும். அது உறிஞ்சுற சத்தம் நமக்கு தூரத்துலயே கேக்கும். ஆனா தலையை புத்துக்குள்ள விட்டிருக்குற கரடிக்கு நாம வர்ற சத்தம் கேக்காது, கண்ணும் அவ்வளவு கூர்மை கிடையாது, நிமிர்ந்து பாக்கும்போது நாம பத்தடியில நிப்போம். புலி, சிறுத்தை, யானைன்னு எல்லாத்து நடுவுலயும் வளர்ந்த சாதி இது, மரத்துல ஏறுனா சிறுத்தையும் பின்னாடியே ஏறும், அதனால ஓடி ஒளியறதை விட நின்னு அடிக்கறதுதான் அதுக்கு தெரிஞ்ச வழி. குட்டிங்க முதுகுல தொத்திட்டு இருந்தா கேக்கவே வேணாம்.

அதனால சத்தம் போட்டுட்டு நடங்க. கொழுந்து பறிக்கப் போறப்ப, விடியக்காலை, பொழுது சாஞ்சப்புறம், உண்ணிச்செடி புதர் ஓரமா போறப்ப கூட்டமா பேசிட்டே போங்க, தனியா போனா போன்ல பாட்டை சத்தமா வெச்சுக்கோங்க (இயர்போன் வேணவே வேணாம்). அது உங்களை பாக்கலைன்னா மெதுவா பின்னாடியே நகர்ந்துடுங்க. ஓடுனா ஜெயிக்க முடியாது, பள்ளிக்கூட கதையில வர்ற நண்பன் மாதிரி மரத்துல ஏறவும் கூடாது, தேனுக்காக மரம் ஏறுற ஜீவன் அது. மேல பாஞ்சுடுச்சுன்னா குப்புறப் படுத்து, முகத்தை மண்ணுல புதைச்சு, ரெண்டு கையையும் பின்கழுத்துல கோத்துக்கோங்க. நான் பாத்த கேஸ்ல அதிகமும் முகமும் தலையும்தான், கண்ணு போனவங்க உண்டு. பெரும்பாலும் கொஞ்ச நேரத்துல விட்டுட்டுப் போயிடும், அது போன சத்தம் அடங்குற வரைக்கும் எந்திரிக்காதீங்க.

ரத்தம் கொட்டுனா சுத்தமான துணியால அழுத்திப் பிடிச்சுட்டு உடனே ஆஸ்பத்திரி, மஞ்சள், காபித்தூள் எதையும் அப்பாதீங்க. சின்ன கீறல்னா சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டுப் போங்க. ரேபிஸ் ஊசி நாய்க்கடிக்கு மட்டும்னு நெறைய பேர் விட்டுடறாங்க, கரடி கடிச்சாலும் அது போட்டே ஆகணும்.

கொழந்தைக்கு கரடி முடி தாயத்து கட்டுறதையும் நிறுத்துங்க. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல புலி இருக்குற அதே முதல் அட்டவணையிலதான், அதாவது ரொம்பக் கடுமையான பாதுகாப்பு இருக்குற பட்டியல்லதான், இதுவும் இருக்கு.

சிவ பூஜையில கரடின்னு சொல்றோம்ல, அந்தக் கரடி ஏதோ ஒரு வாத்தியம்னு விளக்கம் சொல்றவங்க உண்டு. எங்க மலையில நெஜக் கரடியே ராத்திரி கோயிலுக்குள்ள பூந்து விளக்கு எண்ணெயை நக்கிட்டுப் போகுது. கூட்டம் முடிஞ்சதும் அந்த எஸ்டேட் பூசாரிகிட்ட நான் கேட்டுக்கிட்டது ஒண்ணுதான், எண்ணெய் டின்னை சாமி பக்கத்துலயே வெச்சுப் பூட்டாம கையோட வீட்டுக்கு எடுத்துட்டு போயிடுங்கன்னு. அவர், "வீட்டுக்கு வந்துடுச்சுன்னா?"ன்னு கேட்டார். அதுவும் நியாயமான கேள்விதான், மூடி டைட்டா இருக்குற டிரம்முல போட்டு வெக்கச் சொல்லிட்டு வந்தேன்.